மடப்பள்ளிச் சுவருக்கு வந்த விருந்தாளி



மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் டுரியான் பெலாண்டா மரத்தைப் பற்றியும், சுவரில் வந்து உட்கார்ந்த பெரிய பூச்சியைப் பற்றியும் வாட்ஸ்ஆப் குழுவில் ஏகப்பட்ட கேள்விகள் வந்துவிட்டன. "அம்மனே வந்திருக்கா" என்று படம் அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். "மரம் பூரா புழுவா இருக்கு, திருவிழாவுக்கு முன்னால மருந்து அடிச்சிடுங்க" என்று குரல்பதிவு போட்டவர்களும் இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பற்றி முடிவு எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அது வண்ணத்துப்பூச்சி இல்லை. இரவில் பறக்கும் அந்துப்பூச்சி வகை. அதிலும் காட்டுப் பட்டுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறகை விரித்தால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெரிய ஆளின் சாணுக்கும் மேலே. காவியும் செங்கல் நிறமும் கலந்த உடம்பு. நான்கு சிறகிலும் ஒவ்வொரு முக்கோணம் இருக்கிறது. அந்த முக்கோணத்தில் மட்டும் செதில் கிடையாது, கண்ணாடித்தாள் மாதிரி மறுபக்கம் தெரியும். முன்சிறகின் நுனி வளைந்து, பாம்பு தலையைத் திருப்பிப் பார்ப்பது போல இருக்கும்.

கடிக்குமா என்று நிறைய தாய்மார்கள் கேட்டிருந்தீர்கள். கடிக்காது, கொட்டாது. கடிப்பதற்கு அதற்கு வாயே இல்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

இதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகள்தான். சில மாதங்களுக்கு முன்னால் வகுப்பு முடிந்து மரத்தடியில் விளையாடும்போது, இலையின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த முட்டைகளை ஒரு பையன் பார்த்திருக்கிறான். கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகள். அடுத்த வாரம் பார்த்தால் இன்னும் முட்டையாகவே இருந்தது. அதற்கு அடுத்த வாரம் முட்டையும் இல்லை, ஓடும் இல்லை, சின்னச் சின்னப் புழுக்கள் இருந்தன. பிறந்ததும் தன் முட்டை ஓட்டைத் தின்பதுதான் அந்தப் புழுவின் முதல் வேலை. பிறகுதான் இலைக்குப் போகும்.

புழுவின் உடம்பு முழுக்க வெள்ளையாக மாவு பூசின மாதிரி இருக்கும். அது மெழுகுப் பொடி, உடம்பிலிருந்தே சுரப்பது. நம்ம பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு 'விபூதிப் புழு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உடம்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது சதை. கம்பளிப்பூச்சிக்கு இருப்பது போல அரிக்கிற முடி இதற்குக் கிடையாது. ரொம்பத் தொந்தரவு செய்தால் ஒரு காரமான வாடையுள்ள நீரைப் பீய்ச்சும். அதனால் தொந்தரவு செய்யாமல் இருப்பதே நல்லது.

ஒரு மாதத்துக்கும் மேலாக அதற்குச் சாப்பாடு ஒன்றுதான் வேலை. வளர வளரத் தோலை உரித்துப் போடும். புதுத் தோலில் இன்னும் பெரிதாகும். கடைசியில் கட்டைவிரல் தடிமனில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வந்து நின்றது. ராத்திரியில் மடப்பள்ளி பூட்டும்போது மரத்தடியில் நின்றால், தகரக் கூரையில் எச்சம் 'டக், டக்' என்று விழும் சத்தம் கேட்கும். மழைத்தூறல் என்று நினைத்துக் குடையை எடுத்தவர்களும் எங்களில் உண்டு.

அந்த முறை மரத்தில் புழு குறைவுதான். மைனாவும் எறும்பும் குளவியும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது நாலு. அதில் ஒன்று சுவருக்குப் பக்கத்துக் கிளையில் கூடு கட்டியது. அது கட்டும் முறையைப் பார்த்து நம்ம பந்தல் போடும் அண்ணனே அசந்து போனார். இலையைத் தன்மேல் சுருட்டிக்கொண்டு உள்ளே நூல் விடுகிறது. அதோடு விடவில்லை. வெளியே வந்து, இலைக்காம்பைக் கிளையோடு சேர்த்து நூலால் சுற்றிக் கட்டுகிறது. இலை காய்ந்து போனாலும் கீழே விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. "கயிறு கட்டுனா முடிச்சு இங்கதான் போடணும்னு யாரு இதுக்குச் சொல்லிக் கொடுத்தா?" என்றார் அண்ணன்.

சுமார் நாலு வாரம் கூட்டுக்குள்ளே. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பூசைக்குப் பூ கட்ட வந்த அக்கா கூப்பிட்டுக் காட்டினார். கூட்டின் ஒரு முனை வழியாக வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது சிறகு ஈரத்துணி மாதிரி கசங்கிக் கிடந்தது. உடம்பில் இருக்கும் நீரைச் சிறகு நரம்புகளுக்குள் மெல்ல மெல்லத் தள்ளி விரிக்கிறது. உச்சிக்கால பூசை மணி அடிக்கும்போது முழுச் சிறகும் விரிந்துவிட்டது. கூட்டிலிருந்து இரண்டடி நகர்ந்து மடப்பள்ளிச் சுவரில் உட்கார்ந்தது.

அது பெண் பூச்சி. உடம்பு பருமனாக இருக்கும், தலையில் இருக்கும் உணர்கொம்பு மெலிசாக இருக்கும். ஆண் பூச்சிக்கு உடம்பு சிறிது, ஆனால் உணர்கொம்பு அகலமாக, பறவை இறகு மாதிரி. காரணம் இருக்கிறது. பெண் எங்கேயும் தேடிப் போகாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வாசனையைக் காற்றில் விடும். நமக்கு அந்த வாசனை தெரியாது. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆண், அந்த இறகுக் கொம்பால் அதைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து வந்து சேரும்.

அன்று ராத்திரியே ஓர் ஆண் வந்தது. ஆனால் பெண்ணிடம் வரவில்லை. மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பெரிய விளக்கைச் சுற்றிக்கொண்டே இருந்தது. விளக்கில் மோதி, கூரையில் விழுந்து, திரும்ப எழுந்து, விடிய விடிய அதே வேலை. காலையில் பார்த்தால் சிறகு ஓரமெல்லாம் கிழிந்து கால்வாய்ப் பக்கம் கிடந்தது.

விட்டில் பூச்சி ஆசைப்பட்டு விளக்கில் விழுகிறது என்று நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறோம். ஆனால் 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து, வேகமான கேமராவில் படம் பிடித்து வேறு விதமாக விளக்கியிருக்கிறார்கள். ராத்திரியில் பூமியைவிட வானம்தான் வெளிச்சமாக இருக்கும். அதனால் பறக்கிற பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் வைத்துக்கொண்டால், மேல் எது கீழ் எது என்று தெரிந்துவிடும். பல கோடி வருடமாக அதுதான் அதற்கு வழிகாட்டி. நாம் பக்கத்தில் ஒரு விளக்கைப் போட்டால், அந்த விளக்கின் பக்கமும் முதுகைத் திருப்புகிறது. திருப்பத் திருப்ப அதைச் சுற்றியே பறக்க வேண்டியதாகிறது. வெளியே போக வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறது. அதன் ஆசையில் ஒன்றும் குற்றம் இல்லை, விளக்கு இருக்கும் இடம்தான் சிக்கல்.

மறுநாள் பாதுகாவலரிடம் பேசி, பத்து மணிக்கு மேல் பின்பக்க விளக்கை அணைத்து வைக்க ஏற்பாடு செய்தோம். அவர் மலாய்க்காரர், பாக் சிக் என்றுதான் கூப்பிடுவோம். கைவிளக்கை வைத்துக்கொண்டு சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வியாழன் காலை கதவைத் திறக்க வந்தபோது சுவரில் இரண்டு பூச்சிகள் இருந்தன.

வியாழக்கிழமை கூட்டம் கூடிவிட்டது. படம் எடுத்தார்கள், சரி. ஓர் அம்மா மஞ்சள் குங்குமத்தோடு வந்துவிட்டார். ஒருவர் சூடத்தட்டைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பக்தியில் செய்வது, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம். அதன் சிறகில் இருக்கும் நிறம் வெறும் சாயம் இல்லை. ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கி வைத்த பொடிப் பொடிச் செதில்கள். தொட்டால் விரலோடு வந்துவிடும். போன செதில் திரும்ப முளைக்காது. அதனால்தான் அன்றைக்கு நாற்காலி வைத்துக் கயிறு கட்டினோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஒரு பாட்டி வந்தார். பெயர் வேண்டாம், வெள்ளிக்கிழமை தவறாமல் வருபவர். தாத்தா தவறி மூன்று மாதம் ஆகியிருந்தது. மருமகள் படத்தைக் காட்டியிருக்கிறார் போல. சின்ன எவர்சில்வர் தம்ளரில் பாலும் கொஞ்சம் பஞ்சும் கொண்டுவந்திருந்தார். பஞ்சைப் பாலில் நனைத்துச் சுவர்ப்பக்கம் நீட்டினார்.

"பாட்டி, இதுக்கு வாய் கிடையாது பாட்டி," என்றோம்.

"வாய் இல்லாம என்னாத்த சாப்புடும்?"

"சாப்புடாது. புழுவா இருந்தப்ப சாப்பிட்டதுதான். அந்தக் கொழுப்பு உடம்புல இருக்கு. அத வச்சித்தான் இருக்கு."

பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பஞ்சைத் தம்ளரிலேயே போட்டார். "அவருக்கும் கடைசியில ஒண்ணும் உள்ள போவல. ஆஸ்பத்திரியில குழாய் போட்டு வச்சிருந்தாங்க. ஒரு வாய் ஊட்டக்கூட விடல என்னைய," என்றார்.

எங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரே கேட்டார், "இதுக்குப் பசிக்குமா?"

எங்களில் ஒருவர் தாதியாக வேலை பார்ப்பவர். அவர்தான் பதில் சொன்னார். "பசிச்சா தேடும் பாட்டி. இது தேடவே இல்ல பாருங்க. அமைதியா உட்கார்ந்திருக்கு."

"எத்தன நாளைக்கு இருக்கும்?"

இதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உண்மையைத்தான் சொன்னோம். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பாட்டி தலையை ஆட்டினார். பாலைக் கொண்டுபோய்ப் புற்றில் ஊற்றிவிட்டு வந்து, கயிற்றுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் கழித்து, "இவரு ஏன் வெளிய போவாம இங்கயே இருக்காரு?" என்றார். அது பெண் பூச்சி என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டது. பாட்டி சிரித்துவிட்டார். "பொம்பளையா? நல்லா வேணும் அவருக்கு," என்றார். அந்த மூன்று மாதத்தில் பாட்டி சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்து வந்த ராத்திரிகளில் அந்தப் பூச்சி மரத்துக்கும் சுவருக்குமாகப் போய் வந்து முட்டை இட்டது. அதன் அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மரத்தடியில் இறந்து கிடந்தது. சிறகு வெளிறி, ஓரம் கிழிந்திருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சுற்றுலாக் கடைகளில் இந்தப் பூச்சியை அப்படி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டி வேண்டாம் என்றார். மரத்தடியிலேயே மண்ணைத் தள்ளி மூடினோம்.

இப்போது பெயருக்கு வருவோம். "இதுக்கு உண்மையான பேரு என்ன?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைத் தேடப் போய் நாங்களும் நிறையத் தெரிந்துகொண்டோம்.

உலகம் முழுக்க அறிவியலில் இதற்கு ஒரே பெயர், 'அட்டாகஸ் அட்லஸ்'. வைத்தவர் சுவீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ். 1758-ல் வந்த 'சிஸ்டமா நாச்சுரே' பத்தாம் பதிப்பில் உயிர்களுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைத்துக்கொண்டு போனார். விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கு இன்றைக்கும் அந்தப் பதிப்புதான் தொடக்கம். அவர் நம்ம பக்கம் வந்ததே கிடையாது. இந்தியாவிலிருந்து நம் மலேசியா, இந்தோனேசியா வரைக்கும் பறக்கிற பூச்சிக்கு அங்கே குளிர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு பெயர் வைத்தார்.

'அட்டாகஸ்' என்பது பழைய லத்தீனில் ஒரு வகை வெட்டுக்கிளியின் பெயர். 'அட்லஸ்' கிரேக்கக் கதையில் வரும் பூதம். தேவர்களோடு போரிட்டுத் தோற்றதால், வானத்தைத் தோளில் தாங்கி நிற்கும்படி தண்டனை. அவ்வளவு பெரிய உருவம், அதனால் அந்தப் பெயர். சிறகில் இருக்கும் கோடுகள் நாட்டு வரைபடம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. வரைபடப் புத்தகத்துக்கு 'அட்லஸ்' என்ற பெயரை 1595-ல் வெளிவந்த மெர்கேட்டரின் புத்தகம்தான் நிலைக்க வைத்தது.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பையன் கேட்டான், "அவங்க ஊர்ல வானத்த பூதம் தூக்குது, நம்ம கதையில பூமிய ஆதிசேஷன்தானே தூக்குறாரு?" ஆமாம் என்றோம். "அப்ப இதோட றெக்கையில பாம்பு இருக்குல்ல, நம்ம பேருதான் சரி," என்றான். கரும்பலகையில் 'நாகப்பட்டு' என்று எழுதிவிட்டான். இப்போது வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பையன் மட்டும் இல்லை, கான்டனிஸ் பேசும் சீனர்களும் இதைப் 'பாம்புத்தலை அந்து' என்றுதான் சொல்கிறார்கள். பின்தெருவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் சீன ஆன்ட்டி பார்க்க வந்தார். கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். பெரிய அந்துப்பூச்சி வீட்டுக்கு வந்தால் இறந்துபோன பெரியவர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள், விரட்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பாக் சிக் சொன்னது வேறு. 'ராமா-ராமா' வீட்டுக்குள் வந்தால் விருந்தாளி வரப்போகிறார் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களாம். ஜாவாவில் இதற்குப் பெயர் 'குப்பு கஜா', அதாவது யானை வண்ணத்துப்பூச்சி.

தமிழ்நாட்டுப் பக்கமும் இலங்கையிலும் இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'அட்டாகஸ் தாப்ரபானிஸ்'. இலங்கையைப் பழைய கிரேக்கர்கள் தாப்ரபேன் என்று அழைத்தார்கள், அந்தச் சொல்லை வைத்து வந்த பெயர். தாப்ரபேன் என்பதே தாமிரபரணி என்ற சொல்லின் திரிபு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் முன்னோர் திருநெல்வேலிப் பக்கம் விட்டுவிட்டு வந்த ஆற்றின் பெயர் ஒரு பட்டுப்பூச்சியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். எழுதலாமா என்று எங்களுக்குள் பேசிவிட்டுத்தான் எழுதுகிறோம். காட்டுப் பட்டுப்பூச்சி என்று சொன்னதும் ஒரு சிறுமி கேட்டாள், "அம்மனுக்குக் கட்டுற பட்டு இந்தப் பூச்சியோடதா டீச்சர்?"

இல்லை. அது வேறு பூச்சி. 'பாம்பிக்ஸ் மோரி'. அதற்கும் அதே 1758-ல் அதே லின்னேயஸ்தான் பெயர் வைத்தார். மோரி என்பது அது தின்னும் முசுக்கொட்டைச் செடியின் பெயரிலிருந்து வந்தது. சீனாவில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர் கையில் வளர்ந்து, அதற்கு இப்போது பறக்கவே தெரியாது. அதன் கூடு ஒரே நூலால் ஆனது. ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நூல் அறுபடாமல் இருக்கும். பூச்சி வெளியே வந்தால் நூல் கெட்டுவிடும் என்பதால், உள்ளே உயிர் இருக்கும்போதே கூட்டைச் சூடுபடுத்துவார்கள், கொதிநீரில் போடுவார்கள். ஒரு பட்டுச்சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும்.

நம்ம நாகப்பட்டின் கூட்டு நூல் அப்படி ஒரே இழையாக வராது, துண்டு துண்டாக இருக்கும். பூச்சி பறந்து போன பிறகு கிடைக்கும் வெறும் கூட்டிலிருந்து பஞ்சு மாதிரி நூற்கலாம். பழுப்பு நிறம், கம்பளி மாதிரி இருக்கும். 'ஃபகாரா' பட்டு என்று பெயர். தைவானில் காலிக் கூட்டையே சில்லறைப் பையாக வைத்திருக்கிறார்கள். அஸ்ஸாமில் ஆமணக்கு இலை கொடுத்து வளர்க்கும் எரிப் பட்டும் திறந்த கூடுதான், பூச்சி வெளியேறிய பிறகும் நூற்கலாம்.

சிறுமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மனுக்கு இது தெரியுமா?" என்றாள்.

வகுப்பு எடுத்த அக்கா பதில் சொல்லத் தடுமாறி, குருக்கள் ஐயாவிடம் அழைத்துக்கொண்டு போனார். ஐயா சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. பட்டு தூய்மையானது என்று நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது, அப்படிக் கொண்டுவருபவர்கள் கொண்டுவருகிறார்கள். மனசு ஒப்பவில்லை என்றால் நல்ல பருத்திச் சேலை கொண்டுவாம்மா, அதையும் நான் அதே மந்திரம் சொல்லித்தான் சாத்துவேன், என்றார். அந்த மாதப் பௌர்ணமிக்கு அந்தக் குடும்பம் மஞ்சள் நிறச் சின்னாளப்பட்டி பருத்திச் சேலை கொண்டுவந்தது. அம்மன் அன்றைக்கு எப்படி இருந்தாள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் யாருக்கும் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல வரவில்லை. பிள்ளை கேட்டது, ஐயா சொன்னது, அவ்வளவுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமை விஷயம்.

அந்தப் பெண் பூச்சி இட்ட முட்டையெல்லாம் பொரித்து, இப்போது மரத்தில் நிறையப் புழுக்கள் இருக்கின்றன. போன முறை போல நாலைந்து இல்லை. திருவிழா நெருங்குகிறது. மருந்து அடிக்க வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்னதானம் சமைக்கும் இடம். வெளியூர்க்காரர்கள் வருவார்கள். கூரையில் எச்சம் விழுகிறது. மரம் மொட்டையாகிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது.

ஆனால் மடப்பள்ளி அக்கா ஒரு கேள்வி கேட்டார். அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. "இந்த மரத்து எலைய வாரா வாரம் பறிச்சிட்டுப் போயி எத்தன பேரு தண்ணி காய்ச்சிக் குடிக்கிறாங்க? மருந்து அடிச்சா அவங்க குடிக்கிறது என்னா?" இலை பறிக்க வருபவர்களில் பெரும்பாலோர் உடம்பு முடியாதவர்கள். எந்த நாளில் மருந்து அடித்தோம் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

மரத்தைப் பற்றிய கவலைக்கும் நாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறோம். போன முறை புழு தின்ற இரண்டு கிளையும் திரும்பத் துளிர்த்துவிட்டன. இந்த முறையும் குளவியும் பறவையும் தினமும் வந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. போன வாரம் எண்ணியதற்கு இந்த வாரம் குறைவு. இருப்பவையும் இன்னும் மூன்று நாலு வாரத்தில் தின்பதை நிறுத்திவிட்டுக் கூடு கட்டப் போய்விடும்.

எச்சம் விழுவதற்கு ஒரு வழி இருக்கிறது. மரத்துக்கும் மடப்பள்ளி வாசலுக்கும் நடுவில் வலை கட்டிவிடலாம். பந்தல் அண்ணன் பழைய நிழல்வலை தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கட்டுகிற வேலையைச் சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் நாங்களே முடித்துவிடுவோம். கோயில் பணத்தில் ஒரு ரிங்கிட் கூடச் செலவு இல்லை.

சிவபுராணத்தில் மணிவாசகப் பெருமான் தாம் எடுத்து எடுத்து இளைத்த பிறவிகளைச் சொல்லிக்கொண்டு வரும்போது புழுவையும் விட்டுவிடவில்லை. நாம் அதைப் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கைகூப்பிச் சேர்ந்து பாடுகிறோம். பாடிவிட்டுப் பின்பக்கம் போய் மருந்து டப்பாவைத் தூக்குவது எங்களுக்கு ஒப்பவில்லை. கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் போகிறோம். நீங்களும் வந்து உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். மருந்து வேண்டும் என்பவர்களும் கண்டிப்பாக வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.

அதுவரை மெய்யன்பர்களிடம் சில வேண்டுகோள்கள்:

1. புழுவையும் பூச்சியையும் கையால் தொட வேண்டாம். மஞ்சள், குங்குமம், தீர்த்தம் எதுவும் தெளிக்க வேண்டாம். கும்பிட வேண்டும் என்று தோன்றினால் தள்ளி நின்று கும்பிடலாம்.

2. இலை பறிப்பவர்கள் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பறியுங்கள். முட்டையோ புழுவோ இருந்தால் அந்த இலையை விட்டுவிடுங்கள்.

3. சுருண்ட காய்ந்த இலை கிளையில் தொங்கினால் குப்பை என்று இழுக்க வேண்டாம். உள்ளே ஓர் உயிர் நாலு வாரத் தூக்கத்தில் இருக்கலாம். அதிர்ஷ்டம் என்று வீட்டுக்கு எடுத்துப் போவதும் வேண்டாம். பூச்சி வெளியே வந்த பிறகு காலிக் கூடு வேண்டுமென்றால் எங்களிடம் கேளுங்கள்.

4. பத்து மணிக்கு மேல் பின்பக்கம் வண்டி எடுக்க வருபவர்கள் கைப்பேசி விளக்கைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பெரிய விளக்கைப் போடச் சொல்லிப் பாக் சிக்கிடம் கோபிக்க வேண்டாம். திருவிழா நாட்களில் மட்டும் அந்த விளக்கு எரியும்.

5. உங்கள் வீட்டிலும் டுரியான் பெலாண்டா, கொய்யா, ரம்புத்தான், எலுமிச்சை மரம் இருக்கலாம். இந்தப் பூச்சி அங்கேயும் வரக்கூடும். நம்ம ஊரில் அதற்கு மாதக் கணக்கு கிடையாது. வந்தால் வாசல் விளக்கை ஒரு ராத்திரி அணைத்து வையுங்கள். அது உங்களிடம் சாப்பாடு கேட்காது.

கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சமய வகுப்பு நடக்கும் மண்டபத்தில். பிள்ளைகள் புழுக்களை எண்ணி எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டப் போகிறார்கள். பாட்டியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வயதானவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைப்போம்.



ஆலயத் தொண்டர் குழு